நல்ல கிட்னி யாருக்கு

சென்ற மாதம் உங்கள் ஒன்பது பேரையும் பார்த்தேன். எட்டுப் பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒன்பதாவது ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைத்தான் பிடித்தது. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்கிற டாக்டர்கள் இப்போது அரிது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று உங்கள் துறைத் தலைவர் கூப்பிட்டதால் வந்தேன். இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார். அறிமுகத்துக்கு ஆறு நிமிடம் போனது, அதில் என் பெயரை இரண்டு விதமாகச் சொன்னார்கள். மைக்கைச் சரிசெய்ய ஐந்து. சால்வைக்கும் புகைப்படத்துக்கும் நான்கு. மீதி ஐந்து நிமிடத்தில் ஒரு ஆயுள் முழுக்கச் செய்த வேலையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தவருக்கு என் வணக்கம். சால்வை மட்டும் கனமாக, நன்றாக இருந்தது. செங்கல்பட்டு வெயிலுக்கு அவசியமான பொருள்தான்.

ஆகவே எழுதித் தருகிறேன். இதில் மருந்தின் அளவோ தையலின் வகையோ இருக்காது. அவை உங்கள் கைபேசியிலேயே இருக்கின்றன. அறையில் இருக்கிற எல்லோரும் 'சரி' என்று சொல்லும்போது ஒருவர் மட்டும் 'இல்லை' என்று சொல்ல வேண்டி வந்தால் என்ன ஆகும் என்பது அதில் இருக்காது. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

ஏழுமலை மாமல்லபுரத்தில் தண்ணீர் கேன் போடுகிறவர். கடற்கரை ஓட்டல்களுக்கும், சிற்பக் கூடங்களுக்கும், வாடகைக்கு விடும் அறைகளுக்கும் தன் குட்டி வண்டியில் கேன் ஏற்றிக்கொண்டு போவார். இரண்டு சிறுநீரகமும் கெட்டு, டயாலிசிஸுக்காக எங்களிடம் வந்தார். அப்படி வந்தவருக்கு நாங்கள் சொன்ன முதல் வார்த்தை, தண்ணீரைக் குறைத்துக் குடி என்பது. ஊருக்கெல்லாம் இருபது லிட்டர் கேனாகத் தூக்கிப் போடுகிறவர் தனக்கு மட்டும் டம்ளரால் அளந்து குடிக்க வேண்டும். கடவுளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்பதற்கு எங்கள் துறையில் ஆதாரம் நிறைய. அதில் இது ஒன்று.

அவருக்குக் கிட்னி தர முன்வந்தவர் அக்கா கஸ்தூரி. கருங்குழியில் ஜி.எஸ்.டி. சாலையோரம் நாஸ்தா கடை வைத்திருப்பவர். நாற்பத்தேழு வயது. அந்தக் கடையில் லாரி டிரைவர்களே தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவார்கள் என்று அவர் கணவர் கோதண்டம் என்னிடம் சொன்னார். முதலில் நம்பவில்லை. கஸ்தூரி என் அறைக்குள் வந்து, "இன்னா சார், இங்க ஃபேனு சுத்துதா, சும்மா ஆடிக்கினு கீதா?" என்று கேட்டதும் நம்பினேன். அந்த மின்விசிறியைப் பற்றி நான் நிர்வாகத்துக்கு ஏழு முறை சொல்லியிருந்தேன். அவர் வெளியே போகிற வழியில் ஒரே ஒரு முறை சொன்னார். மறுநாள் புது மின்விசிறி வந்துவிட்டது.

ரத்தப் பிரிவு பொருந்தியது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. கடைசியாக ஸ்கேன் எடுத்தோம். அங்கேதான் சிக்கியது.

இடது சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தக்குழாய் சுத்தமாக இருந்தது. வலது பக்கத்துக் குழாயில் மூன்று இடத்தில் லேசான ஒடுக்கம், நடுவில் லேசான புடைப்பு, பாசிமணி கோத்ததுபோல. அவருக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டு சிறுநீரகமும் சமமாகவே வேலை செய்துகொண்டிருந்தன. எங்கள் ஸ்கேன் நிபுணர் அறிக்கையில் 'இருக்கலாம்' என்ற சொல்லை ஐந்து இடத்தில் போட்டிருந்தார். 'இல்லாமலும் இருக்கலாம்' என்று இரண்டு இடத்தில். மொத்தத்தில் கஸ்தூரி என்ற ஒருவர் ஸ்கேனுக்கு வந்தார் என்பதை மட்டும் உறுதிசெய்திருந்தார்.

நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் இப்படி ஒரு குழாயைப் பார்த்தால் கொடையாளரை நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். பிறகு உலகம் கொஞ்சம் தைரியம் பெற்றது. கோளாறு லேசாக, ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், அந்தப் பக்கத்துக் கிட்னியை எடுத்து, ஒடுங்கிய துண்டை வெட்டிப் போட்டுவிட்டு, நல்ல குழாயோடு சேர்த்துத் தைக்கலாம். வாங்கிக்கொண்டவரின் உடம்பில் அது மற்ற கிட்னிகளைப் போலவே உழைக்கிறது என்று பார்த்தார்கள். நாங்களும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு ஒரு விதி உண்டு. இரண்டில் எது மேலோ அது கொடுப்பவரிடமே இருக்க வேண்டும். குறையுள்ளதுதான் வாங்குபவருக்கு. பரீட்சையில் கேட்டால் நீங்கள் ஒன்பது பேரும் சரியாக எழுதுவீர்கள். தூங்கியவரும் எழுதுவார்.

இப்போது கூட்டத்துக்கு வருவோம். அறையில் ஐந்து பேர். அறுவை மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பவர், ஸ்கேன் நிபுணர், ஒருங்கிணைப்பாளர், நான். முதல் யோசனை, டோனரே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பது. இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது, கவனியுங்கள். வேண்டாம் என்று சொன்ன டாக்டர் மேல் யாரும் வழக்குப் போட்டதில்லை. பக்க விளைவே இல்லாத ஒரே சிகிச்சை அதுதான். பக்க விளைவு இல்லாதது நமக்கு மட்டும். நோயாளி அந்த விளைவோடு வாரத்துக்கு மூன்று முறை மெஷினில் படுத்துக்கொள்வார்.

அந்த யோசனையை ஏழுமலையின் கையே தோற்கடித்தது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அவர் இடக்கையில் ஒரு ரத்தக்குழாய் இணைப்பு செய்து வைத்திருந்தோம். அது அடைத்துக்கொண்டது. வலக்கையில் செய்தோம், அதுவும் அடைத்தது. கழுத்தில் குழாய் போட்டோம். அதில் கிருமி ஏறி, குளிரும் காய்ச்சலுமாக வார்டில் படுத்தார். இனி எங்கே ஊசி குத்துவது என்று இடம் தேட ஆரம்பித்தோம். உடம்பு பெரியதுதான், ஆனால் அதில் நமக்கு உதவுகிற இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாற்று அறுவை இல்லாமல் அவருக்கு அதிக நாள் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. 'வேண்டாம்' என்றவர்கள் எல்லோரும் திடீரென்று 'உடனே' என்றார்கள். நடுவில் ஒரு சொல்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதற்குள் ஒருங்கிணைப்பாளர் ஸ்கேன் விஷயத்தைக் கஸ்தூரிக்கு விளக்கியிருந்தார். விளக்கிய அன்று மதியமே கஸ்தூரி கணவரோடு என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். கணவர் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொத்தையாமே சார்?"

"சொத்தை இல்லம்மா. குழாய்ல லேசா ஒரு சுருக்கம்."

"அது யாருக்கு?"

"ஏழுமலைக்கு. அந்தச் சுருக்கத்தை வெட்டி எடுத்துட்டுத்தான் வைப்போம்."

"நல்லது?"

"உங்ககிட்டயே இருக்கும்."

"நல்லா கீது உங்க நாயம்! புளிச்சுப்போன மாவ நான் மாட்டுக்குத்தான் ஊத்துவேன், மனுசனுக்கு ஊத்த மாட்டேன். ரோட்ல போற லாரிக்காரனுக்கே குடுக்காதத, கூடப் பொறந்தவனுக்குக் குடுன்றியா?"

கோதண்டம் மெதுவாக ஆரம்பித்தார். "டாக்டரே நல்லத உனக்கு வுட்டுர்றேன்றாரு. வாயை மூடிக்கினு சரின்னு சொல்லிட்டுப் போவியா..."

"நீ சும்மா குந்துயா."

"குந்திக்கினுதான் கீறேன். பொங்கலுக்கு உன் தம்பி சீரு கொண்டாந்தானே, அதுல அஞ்சு கரும்புல ரெண்டு பூச்சி அரிச்சது. நாம இன்னா திருப்பியா அனுப்னோம்? வாங்கி வச்சிக்கல?"

"கரும்பும் கிட்னியும் ஒண்ணாயா? அவன் எனக்கு வருசா வருசம் சீரு கொண்டாறான். நான் அவனுக்குக் குடுக்கறது இது ஒண்ணு. ஒரே ஒரு வாட்டி. அதப் போயி பழுதா குடுத்தா, நாலு பேரு இன்னா சொல்வாங்க?"

"நாலு பேருக்கு எப்படித் தெரியும்? கிட்னி இன்னா வாசல்ல மாட்டியா வைப்பாங்க?"

கஸ்தூரி அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "சார், எனக்குப் பொண்ணுங்க ரெண்டும் கட்டிக்குடுத்தாச்சு. அவனுக்குப் பசங்க இன்னும் பள்ளிக்கூடம் போவுதுங்க. எனக்கு ஒண்ணு இருந்தா போதும், அது எப்படி இருந்தா இன்னா? இடத எடுங்க. இல்லன்னா நான் குடுக்கல."

நான் அன்று காரணங்களை அடுக்கினேன். எண்ணிக்கொண்டே அடுக்கினேன், பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் கோதண்டம் தலையாட்டினார். கஸ்தூரி ஆட்டவில்லை. கிட்னி கோதண்டத்தினுடையது இல்லை.

இரண்டாவது கூட்டம் மறுநாள் நடந்தது. எல்லோருக்கும் முகத்தில் ஒரு நிம்மதி. அறுவை மருத்துவர்தான் பேசினார். கை வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அது அவருக்கும் தெரியும் என்பதுதான் ஒரே குறை.

"சார், இடது கிட்னியில வெயின் நீளம். எடுக்கவும் சுலபம், தைக்கவும் சுலபம். குழாய் சுத்தம், வெட்டி ஒட்டுற வேலையே இல்லை. பேஷன்ட்டுக்கு நல்ல கிட்னி கிடைக்கும். அந்தம்மாவே இடதைத்தான் எடுத்துக்கச் சொல்றாங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

மயக்க மருந்துக்காரர் சரி என்றார். ஸ்கேன் நிபுணர், சரியாக இருக்கலாம் என்றார். ஒருங்கிணைப்பாளர் தேதியே பார்த்துவிட்டார். நான்குக்கு ஒன்று. கஸ்தூரியையும் சேர்த்தால் ஐந்துக்கு ஒன்று. நான் முடியாது என்றேன்.

"டோனரோட விருப்பத்தை மதிக்கணும்னு கிளாஸ் எடுக்கறதே நீங்கதான் சார்."

நல்ல அடி. வகுப்பில் ஒருவர் விழித்திருந்திருக்கிறார் என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம், நான் படவில்லை. "கிட்னி தரமாட்டேன்னு சொல்ல அவங்களுக்கு முழு உரிமை இருக்கு. அத நான் மதிக்கறேன். என்கிட்ட இருக்கிறதுல குறையுள்ளத மட்டும் மிச்சம் வைன்னு சொன்னா, அதைச் செய்யற கை நம்மளோடது. அந்தக் கைக்கும் ஒரு விருப்பம் இருக்கு" என்றேன்.

"லேசான சுருக்கம்தானே சார்?"

"அதேதான். லேசானதுதானே, ஏழுமலைக்கு வைங்க."

அறுவை மருத்துவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்த அறையில் எல்லோருக்கும் இடது பக்கம் ஏன் பிடித்திருந்தது? கொடுப்பவருக்குக் கௌரவம். வாங்குபவருக்கு முழுசான பொருள். தைப்பவருக்கு நீளமான வெயின். நிர்வாகத்துக்குத் தேதி. எல்லோர் வசதியும் ஒரே பக்கம் சாய்ந்தால் அதற்கு 'ஒருமித்த மருத்துவ முடிவு' என்று பெயர் வைத்துவிடுவோம். அந்த அறைக்கு வர முடியாத ஒருவர் இருந்தார். எழுபது வயதாகப் போகிற கஸ்தூரி. நாற்பத்தேழு வயதுக் கஸ்தூரி அவருக்கு எதிராகவே ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஏழுமலைக்கு வைக்கிற கிட்னி தும்மினால்கூட நாம் ஓடுவோம். மாதாமாதம் ரத்தம், சிறுநீர், ஸ்கேன். கஸ்தூரியை யார் பார்ப்பார்கள்? ஆரோக்கியமானவர் என்று நாமே எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். யாரும் பார்க்காத உடம்பில்தான் நல்லது இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. எங்கள் மருத்துவமனையின் முதலாளி, நல்ல மனிதர். கிட்னியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அது இரண்டு இருக்கும் என்பது.

"டாக்டர், குடுக்க ஆள் ரெடி, வாங்க ஆள் ரெடி, ஆபரேஷன் பண்ண ஆள் ரெடி. நீங்க மட்டும் ஏன் ரெடி ஆகல?"

"வயசாயிடுச்சு சார், மெதுவாத்தான் ரெடி ஆவேன்" என்றேன்.

வாய் அப்படிச் சொன்னதே தவிர, போனை வைத்ததும் நேரே வார்டுக்குப் போய் காய்ச்சல் அட்டையைத்தான் பார்த்தேன். ஏழுமலையின் காய்ச்சல் ஒரு நாள் இறங்கி மறுநாள் ஏறியது. கஸ்தூரி எழுந்து போய்விட்டால் அவருக்குக் கொடுக்க வேறு ஆள் இல்லை. அப்பா அம்மா இல்லை, மனைவிக்குச் சர்க்கரை. என் பிடிவாதத்தில் ஒரு ஆள் செத்துப்போனால், அந்த விதி எந்தப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று அவர் பிள்ளைகளிடம் போய்ச் சொல்ல முடியாது. இருந்தும் என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு வாரம் வரும். அந்த வாரத்தில் காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருந்தது ஒரு வழி. யாருக்காக இத்தனை பேர் பேசிக்கொண்டிருந்தோமோ அவரிடம் யாரும் பேசவே இல்லை. கஸ்தூரியின் ஸ்கேன் கஸ்தூரியின் சொந்த விஷயம் என்பதால் முதலில் அவரிடமே கேட்டேன். தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லலாமா?

"தாராளமா சொல்லு சார். அவன் என் பக்கந்தான் பேசுவான். நானும் வரேன்" என்றார்.

அன்று காய்ச்சல் இறங்கியிருந்தது. ஏழுமலை கழுத்தில் குழாயோடு, முகமூடியோடு, சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வார்டு முழுக்கக் கேட்கிற குரலில் கஸ்தூரி ஆரம்பித்தார்.

"டேய், உனக்கு சொத்தைய வைக்கப் போறாராம் இவரு. நீயே கேளு."

நான் இரண்டு பக்கத்தையும் சொன்னேன். சுருக்கம் எது, சுத்தம் எது, எதை எடுத்தால் எது மிஞ்சும் என்று. ஏழுமலை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா சொல்ற மாரி செஞ்சா, அதுகிட்ட சுருக்கமானது மட்டும் இருக்கும். அப்டித்தான சார்?"

"ஆமாம்."

"அது பின்னால கெட்டா?"

"கெடாமலே போகலாம்பா. கெட்டா, நீ இப்ப படுத்திருக்கற இந்தக் கட்டில்ல அக்கா படுக்கணும்."

ஏழுமலை கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தார். "எனக்கு சொத்தையே போதும்."

"உன்ன எவன்டா கேட்டான்?"

"நீதான இப்ப கேளுன்ன?"

"சார் சொல்றதுக்கு மண்டைய ஆட்றியா? நான் பெரியவளா, நீ பெரியவனா? நான் குடுக்கறதத்தான் நீ வாங்கிக்கணும்."

"ஏன்க்கா, மதுராந்தகம் சந்தையாண்ட நைனா முறுக்கு வாங்கியாறுமே, ஞாபகம் கீதா? முழுசெல்லாம் நீ எடுத்துக்குவ. ஒடஞ்சதெல்லாம் என் தட்டுல போடுவ. அப்ப எங்க போச்சு இந்த நாயம்?"

கஸ்தூரிக்கு முகம் மாறியது. "அது... உன் வாய்க்கு முழுசு புடிக்காதுன்னு..."

"வாய்க்குப் புடிக்காதா? நான் அழுதா இன்னா சொல்வ? ஒடஞ்சாலும் அதே ருசிதான்டா, தின்னு! அப்டித்தான சொல்வ? இப்ப மட்டும் இன்னா வந்துச்சு? ஒடஞ்சதையே குடு. இல்லன்னா எனக்கு எதுவும் வாணாம். நான் இப்டியே போறேன்."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். செவிலியர் மருந்துத் தட்டோடு திரும்பி நின்றுகொண்டார், தோள் குலுங்கியது தெரிந்தது. கஸ்தூரி தம்பியின் காலில் ஓர் அடி வைத்தார். அப்புறம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

"திருட்டுப் பய. அத இத்தினி வருசமா மனசுல வச்சிக்கினு கீறான் பாரு சார்."

"வெச்சிக்காம? எத்தினி முறுக்கு போச்சு எனக்கு!"

"எத வாணாலும் எடுத்துத் தொலைங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

என் பதினொரு காரணமும் சாதிக்காததை முறுக்குத் துண்டு சாதித்துவிட்டது. இதை எந்த மருத்துவ இதழும் பிரசுரிக்காது என்பதால் உங்களுக்குச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'எடுத்துத் தொலைங்க' என்பது சம்மதம் இல்லை. ஒருங்கிணைப்பாளர் அப்போதே கையெழுத்து வாங்கக் கிளம்பினார், நான் தடுத்தேன். அழுகிறவரிடமும் சிரிக்கிறவரிடமும் சம்மதம் வாங்காதீர்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்கிறவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். மறுநாள் காலை கடையை மூடிவிட்டு வரச் சொல்லி, தனியாக உட்கார வைத்து, வேண்டாம் என்றால் இப்போதும் போகலாம், தம்பியிடம் காரணத்தை நாங்கள் சொல்ல மாட்டோம் என்று முதலிலிருந்து பேசினேன். முழுக்கக் கேட்டார். "முறுக்குக்காக இல்ல சார். நான் மெஷின்ல படுத்தா அவன் தாங்க மாட்டான். அதுக்காவ" என்றார். அப்புறம்தான் காகிதத்தை நீட்டினோம்.

அறுவை மருத்துவருக்கு வலது பக்கம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வெயின் குட்டை, குழாயில் வெட்டி ஒட்டுகிற வேலை வேறு. தைக்கத் தைக்க என்னைத் திட்டினார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன், காதில் விழவில்லை, ஆனால் முகமூடி அசைகிற வேகத்தில் தெரிந்தது. திட்டும்போது அவர் கை இன்னும் நன்றாக வேலை செய்யும். கடைசித் தையல் போட்டு, ரத்தத்தை நிறுத்தி வைத்திருந்த கவ்வியை எடுத்ததும், சாம்பல் நிறத்தில் கிடந்த கிட்னி கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. சற்று நேரத்தில் சிறுநீர் வந்தது. படித்த மனிதர்கள் ஏழு பேர் சுற்றி நின்று மூத்திரத்தைப் பார்த்துக் கைகொட்டுகிற காட்சி உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது.

ஏழுமலை தேறினார். கிட்னி சண்டித்தனம் செய்யவே இல்லை. அறுவை மருத்துவர் அடுத்த மாநாட்டில், குறையுள்ள ரத்தக்குழாயோடு கிடைத்த கிட்னியைத் தாம் எப்படித் துணிந்து தேர்ந்தெடுத்தார் என்று அழகாகப் பேசினார். நானும் கைதட்டினேன்.

கஸ்தூரிக்கு என்ன நடந்தது என்பதுதான் இனி. அடுத்த பொங்கல் முடிந்து பரிசோதனைக்கு வந்தார். வரவேற்பில் இருந்த பெண் கேட்டிருக்கிறார்.

"என்ன கம்ப்ளெய்ன்ட்?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாம எதுக்கு வந்தீங்க?"

"அதான் நானும் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் கருங்குழிக்குப் போய்விட்டார். கிட்னி கொடுத்தவரைப் பதிவுசெய்ய எங்கள் கம்ப்யூட்டரில் இடமே இல்லை. நோய் என்ற கட்டத்தை நிரப்பாமல் அது அடுத்த பக்கத்துக்குப் போகாது. சிறுநீரகத்தைக் கொடுத்தது ஒரு நோய் இல்லை என்று கம்ப்யூட்டர் முடிவுசெய்திருந்தது. நியாயம்தான்.

நான் ஏழுமலையைப் பிடித்தேன். இனிமேல் வருடாந்திரப் பரிசோதனைக்கு அக்கா இல்லாமல் நீ தனியாக வராதே என்றேன். மாத்திரை எழுதித் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. முகத்தை மட்டும் அப்படி வைத்துக்கொண்டேன். அதிலிருந்து வருடா வருடம் இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். தம்பிக்கு ரத்தம் எடுக்கிற நேரத்தில் அக்காவுக்கு பிரஷர் பார்ப்பேன். நோய் என்ற கட்டத்தில் 'தம்பி' என்று எழுதினேன். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் கஸ்தூரி வரவில்லை. கடையைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறார், நேரமில்லை என்றார்கள். ஒரு நாள் ஏழுமலை அவரைத் தன் வண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்து, பின்னால் காலி கேன்கள் கடகடக்க, நேரே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். "ஒரு மாசமா தலவலி சார். கேட்டா வெயிலுன்னுது" என்று அக்காவை என் அறையில் தள்ளிவிட்டு, ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் வண்டியை விட்டதற்காகக் காவலாளியிடம் சண்டை போடப் போனார்.

பிரஷர் பார்த்தேன். கூடியிருந்தது. நம்பாமல் மறுபடி பார்த்தேன், வேறு கருவியில் பார்த்தேன். ஸ்கேன் எடுத்தோம். ஒரு காலத்தில் சுத்தமாக இருந்த இடது பக்கக் குழாயில், அதே பாசிமணி. ஆரம்ப நிலை. சிறுநீரகம் நன்றாகவே வேலை செய்தது. மாத்திரையில் கட்டுப்படும் விஷயம்தான். ஆனால் அவரிடம் இருந்தது அது ஒன்று.

உடனே என்னைப் புத்திசாலி ஆக்கிவிடாதீர்கள். அது பின்னால் சுருங்கியதால் அன்றைக்கு என் முடிவு சரி என்று ஆகாது. சுருங்காமலே இருந்திருந்தாலும் அது சரிதான். ஒரு முடிவுக்கு மதிப்பெண் போடுவது அன்றைக்குக் கையில் இருந்ததை வைத்துத்தான். இருந்தாலும் நானும் மனிதன்தானே. நல்லது உங்களிடம் இருக்கட்டும் என்று அன்றைக்கு ஏன் அப்படி அடம்பிடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. நான்கு குறிப்பாக மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு, கஸ்தூரியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஸ்கேன் முடிவைச் சொன்னேன்.

"எந்தப் பக்கம் சார் இது?"

"இடது."

"அன்னிக்கு நான் அவனுக்குக் குடு குடுன்னு சண்ட போட்டேனே, அதுவா?"

"அதேதான். அன்னிக்கு அது நல்லா இருந்துச்சு. அதனாலதான் நான்..."

கஸ்தூரி என்னை முடிக்க விடவில்லை. மேசை மேல் இருந்த என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்திருந்தது.

"நல்ல வேளை சார், தடுத்தீங்க. இது போயி அவன் ஒடம்புல இருந்திருந்தா, என் தம்பி கதி இன்னா ஆயிருக்கும்?"

நான்கு குறிப்பையும் விழுங்கிவிட்டு, பிரஷர் மாத்திரையை எழுதினேன்.